குட்டைக்கு விட்ட தண்ணீர்

பல்லடத்துக்குக் கிழக்கே, காற்றாலைகளுக்கு நடுவில், மூக்கக்கரடு என்று ஒரு பாறைக்குன்று இருக்கிறது. அதன் அடிவாரத்து ஊர் கரட்டடிப்புதூர். ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பால் சொசைட்டி, பகல் முழுக்க விசைத்தறிச் சத்தம், ஊரைச் சுற்றித் தென்னையும் சோளமும். அந்தக் கரட்டைக் குடைந்து உள்ளே ஹைட்ரஜன் வாயுவைச் சேமிக்கலாம் என்று இடம் பார்த்துக் கொடுத்தவள் நவ்யா.

நவ்யாவுக்கு முப்பத்து நான்கு வயது. நிலவியல் படித்துவிட்டு பெங்களூரில் மெட்ரோ சுரங்கங்களில் வேலை பார்த்தவள். அவள் அப்பா பாலகோபாலுக்குப் பீளமேட்டில் நூல் மில் இருந்தது. மில் போன பிறகும் பல்லடம் பக்கம் இரண்டு காற்றாலைகள் மிஞ்சியிருந்தன. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆளைத் தள்ளும். சரியாக அப்போதுதான் மின்வாரியத்திலிருந்து ஃபோன் வரும்: மின்சாரம் அதிகமாகிவிட்டது, கம்பியில் ஏற்ற இடமில்லை, காற்றாலையை நிறுத்துங்கள். மாசியில் மின்சாரத்துக்கு ஊரே தவிக்கும்போது காற்று இருக்காது. சாப்பாட்டு மேசையில் அப்பா இதைச் சொல்லிப் புலம்புவதைக் கேட்டே அவள் வளர்ந்தாள்.

அதனால் கோயம்புத்தூரில் புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டபோது இரண்டாம் முறை யோசிக்கவில்லை. ஆடிக் காற்றின் மின்சாரத்தை வைத்துத் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது, அதை நிலத்தடியில் அடைத்துவைத்துக் காற்றில்லாத மாதங்களில் மறுபடி மின்சாரமாக்குவது, இதுதான் திட்டம். வேறு நாடுகளில் இதற்கு நிலத்தடி உப்புப் பாறைகளைக் குடைகிறார்கள். கொங்கு மண்ணில் உப்புப் பாறை இல்லை, கருங்கல்தான் இருக்கிறது. கருங்கல்லுக்குள் ஆழத்தில் ஒரு பெரிய அறையைக் குடைந்து, கான்கிரீட் போட்டு, உட்புறம் எஃகுத் தகடு போர்த்திவிட்டால் வாயுவின் அழுத்தத்தைப் பாறை தாங்கிக்கொள்ளும். முதலில் சோதனைக்காக ஒரு சின்ன அறை. அது சரியாக வந்தால் இந்தப் பக்கத்துக் காற்றாலை எதுவும் ஆடியில் நிற்க வேண்டியதில்லை.

கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். கம்பெனியின் திட்டப் பொறுப்பாளர் வம்சி படம் போட்டுக் காட்டினான். வெடிக்குமா என்று கேட்டார்கள், சத்தம் வருமா என்று கேட்டார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். பேர் வள்ளியாத்தாள். கரட்டுக்கு நேர் கீழே தென்னந்தோப்பு வைத்திருந்த நஞ்சுண்டனின் மனைவி.

“நீங்க காத்தப் புடிச்சு உள்ள வெச்சுக்குங்க, வேண்டாங்கல. எங்க தண்ணி போயிருமுங்களா?”

வம்சி நவ்யாவைப் பார்த்தான். அவள் மைக்கை வாங்கினாள்.

“போகாதுங்க அக்கா. கரட்டுல பல இடத்துல துளை போட்டுப் பார்த்தாச்சு. எல்லாம் ஒரே கல்லு. தண்ணி ஓடற விரிசல் எதுவும் இல்லீங்க.”

“கம்பெனி சொல்லுதுங்களா, நீங்க சொல்றீங்களா?”

“நான் சொல்றேனுங்க.”

வள்ளியாத்தாள் உட்கார்ந்துவிட்டாள். அதற்குமேல் யாரும் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. நவ்யா பொய் சொல்லவில்லை. துளையிட்டு எடுத்த கல் உருளைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்திருந்தாள். கண்ணாடி போல இறுகிய கல்.

தை பிறந்ததும் வேலை தொடங்கியது. கரட்டின் பக்கவாட்டிலிருந்து உள்ளே சரிந்து இறங்கும் சுரங்கப் பாதையை முதலில் வெட்டினார்கள். நவ்யா தினமும் கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்து போனாள். சுரங்க வாசலுக்குப் போகும் வழி நஞ்சுண்டனின் தோப்பை ஒட்டியது. வள்ளியாத்தாள் பாதையில் நின்று கையைக் காட்டுவாள்.

“ஏனுங்க, கல்லத் தின்னுட்டா வேல செய்யறீங்க? வந்து ஒரு வாய் சாப்புட்டுப் போங்க.”

ஒரு நாள் போனாள். அரிசியும்பருப்பும் சோறு, மேலே நெய். பிறகு அடிக்கடி போனாள். கொஞ்ச நாளில் வள்ளியாத்தாளின் பேச்சில் ‘ங்க’ குறைந்து ‘கண்ணு’ வந்துவிட்டது. “கண்ணு, சித்த உக்காரு. மோரு கொண்டாரேன்.” நவ்யாவுக்கு அக்கா தங்கை கிடையாது. கட்டுத்தரை ஓரமாக உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டு மாடுகளைப் பார்ப்பாள். நஞ்சுண்டனிடம் ஐந்து மாடுகள் இருந்தன. அதில் மயிலை என்ற பசு மட்டும் யார் வந்தாலும் கயிறு நீளும் மட்டும் வந்து முகர்ந்து பார்க்கும்.

சித்திரைக் கடைசியில் ஒரு முற்பகல், வெடி வைத்த புகை அடங்கிய பிறகு சுரங்கத்துக்குள்ளிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். பாறை முகப்பில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடியது. இரண்டு விரல் அகலம் இருக்கும். அதன் இருபுறமும் கல் நொறுங்கிக் கரும்பச்சையாகக் கிடந்தது. விரிசலின் முழு நீளத்திலிருந்தும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஆட்கள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். அவள் போட்ட துளைகளில் ஒன்றுகூட இந்த விரிசலைத் தொடவில்லை. இரண்டு துளைகளுக்கு நடுவில் நெட்டுக்குத்தாக நின்றிருந்தது அது.

உள்ளங்கையில் ஏந்திக் கொஞ்சம் குடித்துப் பார்த்தாள். சில்லென்று, லேசான உப்புக் கரிப்போடு இருந்தது. வள்ளியாத்தாள் வீட்டுச் சொம்பில் தினமும் குடிக்கும் தண்ணீர்தான்.

பம்பு போட்டு வெளியே இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஊரின் கிணறுகள் இறங்கின. ஒரு வாரத்துக்குள் நஞ்சுண்டனின் கிணற்றில் மோட்டார் காற்றை இழுத்தது. அவர் சுரங்க அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“அம்மணி, தண்ணி இறங்கிப்போச்சுங்க.”

“தெரியுமுங்கண்ணா. அடைக்கறதுக்குத்தான் பார்க்கறோம்.”

“அடச்சுப்போடலாமுங்களா?”

“அடச்சிரலாமுங்க.”

அவர் தலையாட்டினார். போகிறவர் திரும்பி நின்று, “அதுவரைக்கும் நீங்க இறைக்கற தண்ணி சும்மா பள்ளத்துலதானுங்களே போவுது? அதக் குட்டைக்கு விட்டீங்கன்னா மாடு கன்னாச்சும் குடிச்சுக்குமுங்க” என்றார்.

நியாயமாகப் பட்டது. நவ்யாவே முன்னால் நின்று சுரங்க வாசலிலிருந்து ஊர்க்குட்டைக்குக் குழாய் போடவைத்தாள். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். சுத்தமான தண்ணீர் என்று வந்தது. குட்டை நிறைந்தது. மாடுகள் இறங்கிக் குடித்தன, பெண்கள் துணி துவைத்தார்கள். வள்ளியாத்தாள் குட்டைக்கரையில் நின்று, “போனது இந்த வழியா வந்துருச்சு, உடு” என்று சிரித்தாள்.

சிமெண்ட் கரைசலை அழுத்தி விரிசலை அடைக்கும் வேலையை ஷாநவாஸ் பார்த்தார். கோயம்புத்தூர் கரும்புக்கடைக்காரர், பல அணைகளில் இதே வேலை செய்தவர். சிமெண்ட் நிற்கவில்லை. உறைவதற்கு முன்பே தண்ணீர் அதை அடித்துக்கொண்டு வந்தது. இரண்டு வாரம் போராடிவிட்டு ஷாநவாஸ் கையை விரித்தார்.

அன்று வம்சி சுரங்கத்தை அப்படியே விட்டுவிடலாம் என்றான். “பம்பை நிறுத்திருவோம் நவ்யா. தண்ணி நிரம்பட்டும். வேற கரடு பார்க்கலாம்.”

“நிரம்பறதுக்கு எவ்வளவு நாளாகும்னு தெரியுமா? இவ்வளவு பெரிய ஓட்டை. ரெண்டு மழைக்காலம் ஆகும். அதுவரைக்கும் இவங்க கிணத்துல ஒரு சொட்டு இருக்காது.”

“அதுக்கு?”

“அடைக்கணும். சிமெண்ட் நிக்கலைன்னா கெமிக்கல்.”

அப்படி ஒரு மருந்து உண்டு. பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். இரண்டு திரவங்களைக் கலந்து விரிசலுக்குள் அழுத்தினால் முடி நுழையாத சந்திலும் புகுந்து, சில நிமிடங்களில் ஜெல்லி போல உறைந்து, தண்ணீரை நிறுத்திவிடும். உறைந்துவிட்டால் கெடுதல் இல்லை. உறையாத திரவம் நரம்புகளுக்கு விஷம். அதனுடன் வந்த எச்சரிக்கைத் தாளில் அது தெளிவாகவே எழுதியிருந்தது. நவ்யா அதை முழுக்கப் படித்தாள். பெங்களூரில் ஒருமுறை இதைப் பயன்படுத்திப் பார்த்திருந்தாள். அங்கே வந்தது கசிவு, இங்கே வருவது பாய்ச்சல்.

“ரிஸ்க் இல்லையா?” என்று கேட்டான் வம்சி.

“கிணறு காய்றதைவிட இது பரவாயில்லை” என்றாள். அவன் அரைமனதாகக் கையெழுத்துப் போட்டான்.

ஷாநவாஸ் ஒரு கண்ணாடி டம்ளரில் கலந்து காட்டினார். சொன்ன நேரத்துக்குள் உறைந்தது. டம்ளரைக் கவிழ்த்தார், விழவில்லை. ஆனி மாதம் முழுவதும் கலவையை உள்ளே அழுத்தினார்கள். நிஜமாகவே தண்ணீர் குறைந்தது. பாய்ச்சல் ஒழுக்காகி, ஒழுக்கு சொட்டாகத் தொடங்கியது. நஞ்சுண்டனின் கிணற்றில் தண்ணீர் தலைகாட்டியது. அந்தச் செய்தி வந்த அன்று நவ்யா சுரங்க அலுவலகத்தின் பின்பக்கம் போய் யாரும் பார்க்காமல் அழுதாள். வீட்டுக்கு ஃபோன் செய்தாள். “நைனா, தண்ணி ஏறுது” என்றாள். பாலகோபால் மறுமுனையில், “நான் அப்பவே சொன்னேன் பாரு, நீ விடமாட்டேன்னு” என்றார்.

அந்த நாட்களில் ஒரு மாலை, குட்டைக்குப் போகும் குழாயைத் திருப்பிவிட வேண்டுமா என்று யோசித்தாள். கலவை முழுவதும் உறைகிறது, டம்ளரில் பார்த்தாயிற்று. குழாயை நிறுத்தினால் மாடுகள் எங்கே போகும்? கிணறுகள் இன்னும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும், அதற்குப் பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். வேறு வேலை வந்தது, எழுந்து போனாள்.

ஆடி பிறந்தது. காற்று கரட்டின் மேல் ஊளையிட்டது. ஒரு காலையில் ஷாநவாஸ் அவளிடம் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வந்தார். பேனாவை எடுத்தார், அது விரலிலிருந்து நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி விழுந்தது.

“என்ன பாய்?”

“விரல் நுனி மதமதன்னு இருக்கு மேடம். நாலஞ்சு நாளா. தோல் வேற உரியுது.” உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வெந்நீரில் ஊறியது போல வெளுத்துத் தோல் சுருள் சுருளாக உரிந்திருந்தது.

“கையுறை போடலையா?”

“போடறோம். உள்ள புழுக்கத்துல ஈரமாயிருது மேடம். பசங்க சில நேரம் கழட்டிப்போட்டுருவாங்க. நானும்தான்.”

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். அன்றைக்கு வேலையை நிறுத்தினாள். வெளியே வந்து காரில் ஏறும்போது தோப்புப் பக்கமிருந்து வள்ளியாத்தாள் கூப்பிட்டாள். குரலில் பதற்றம் இருந்தது.

“கண்ணு, ஒருக்கா இங்க வா. இந்தச் செவலையப் பாரு.”

கட்டுத்தரையில் செவலைப் பசு பின்னங்கால்களை எழுப்ப முடியாமல் முன்கால்களால் மட்டும் தவழ முயன்றுகொண்டிருந்தது. நஞ்சுண்டன் வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். தூக்கினால் எழுந்து நின்றது, இரண்டடி வைத்தது, குளம்பு மடங்கி மறுபடி விழுந்தது. நேற்றே கால்நடை டாக்டர் வந்து, பால்சுரம் என்று சந்தேகப்பட்டுச் சுண்ணாம்புச்சத்து ஏற்றியிருந்தார். பலனில்லை.

“பக்கத்துத் தோட்டத்துலயும் ரெண்டு இப்படிக் கெடக்குதுங்க” என்றார் நஞ்சுண்டன். “காத்துக்கு வந்த சீக்கோ என்னமோ.”

நவ்யா மாட்டின் காலைப் பார்த்தாள். மடங்கிய குளம்பைத் தரையில் இழுத்துக்கொண்டு அது இன்னொரு முறை எழப் பார்த்தது. தன் கால் எங்கே இருக்கிறது என்று அந்த மாட்டுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பேனா எங்கே இருக்கிறது என்று ஷாநவாஸின் விரலுக்குத் தெரியவில்லை.

“மாடு எங்கே தண்ணி குடிக்குதுங்க?”

கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

“குட்டைலதான். வேறெங்க?”

அவள் குட்டைக்கு ஓடினாள். குழாயிலிருந்து தண்ணீர் மெல்லியதாக விழுந்துகொண்டிருந்தது, தெளிவாக, வாசனையில்லாமல். கரையோரம் சின்னச் சின்ன மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. விரிசலுக்குள்ளே ஓடிய தண்ணீரின் வேகத்தில் மருந்து உறைவதற்கு முன்பே கரைந்து வெளியே வந்திருக்கிறது. ஒரு மாதமாக வந்திருக்கிறது. டம்ளரில் தண்ணீர் ஓடவில்லை.

பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வம்சிக்கு ஃபோன் செய்தாள்.

“டெஸ்ட் பண்ணட்டும் நவ்யா. ரிசல்ட் வரட்டும். அதுக்குள்ள சொல்லி ஊரைக் கலவரப்படுத்தாதீங்க. ஒருவேளை வேற ஏதாச்சும்…”

“வேற எதுவும் இல்லை வம்சி.”

“ரெண்டே நாள்.”

“ரெண்டு நாள் குடிப்பாங்க.”

ஃபோனை வைத்தாள். குழாயை மூடவைத்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போனாள். ஆடி வெள்ளிக்காக ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். பூசாரியிடம் மைக்கைக் கேட்டு வாங்கினாள். குட்டைத் தண்ணீரை யாரும் தொடவேண்டாம், மாட்டுக்குக் காட்டவேண்டாம், கிணற்றுத் தண்ணீரையும் இப்போதைக்குக் குடிக்கவேண்டாம், சுரங்கத்தில் போட்ட மருந்து கலந்திருக்கிறது என்று சொன்னாள். “மருந்து போடச் சொன்னது நானுங்க. குட்டைக்குக் குழாய் போட்டதும் நானுங்க” என்றாள். விசைத்தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஜனங்கள் வந்து மண்டபத்தைச் சுற்றி நின்றார்கள். யாராவது ஒரு கல்லை எடுத்து எறிவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். எதிர்பார்த்தாள் என்பதைவிட, வேண்டிக்கொண்டாள் என்று சொல்லலாம்.

யாரும் எறியவில்லை. ஒரு கிழவர் கேட்டார்: “அப்ப குடிக்கறதுக்கு என்னுங்க பண்றது?”

அந்த வாரமே அதிகாரிகள் வந்தார்கள். பரிசோதனை முடிவு நவ்யா சொன்னதையே சொன்னது. கிணறுகளிலும் மருந்து இறங்கியிருந்தது. நவ்யா அடைத்து மீட்ட தண்ணீர் வந்த வழியிலேயே அதுவும் வந்திருந்தது. மறு உத்தரவு வரும்வரை கரட்டடிப்புதூரின் கிணறு எதையும் பயன்படுத்தக் கூடாது என்றார்கள். குடிக்க லாரியில் தண்ணீர் வந்தது. சொசைட்டியில் அந்த ஊர்ப் பாலை எடுக்கக் கூடாது, பாலைக் குழி வெட்டி ஊற்றிவிட வேண்டும், கன்றுக்கும் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. எழ முடியாத மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். நஞ்சுண்டனின் ஐந்தில் நான்கு போயின. பொக்லைன் வைத்துக் கரட்டடியில் பெரிய குழி தோண்டி ஊர் மாடுகளை ஒன்றாகப் புதைத்தார்கள். சுரங்கம் வெட்ட வந்த அதே பொக்லைன்தான்.

புதைத்த அன்று நவ்யா அங்கே நின்றாள். வேலை முடிந்து நஞ்சுண்டன் அவளைத் தாண்டிப் போனார். அவள் கூடவே நடந்தாள்.

“அண்ணா, என்னைத் திட்டிருங்க. எதுவாச்சும் சொல்லிருங்க.”

அவர் நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“வேணும்னு செஞ்சிருந்தா ஏசிப்போட்டுப் போயிருவோமுங்க அம்மணி. மனசு ஆறிரும். நீங்க நல்லதுக்குன்னு செஞ்சீங்க. இத என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலீங்க.”

நடந்து போய்விட்டார்.

கம்பெனி ஆவணி முடிவதற்குள் கலைந்தது. முதலீடு செய்தவர்கள் விலகினார்கள். வம்சி கடைசியாக வந்து சுரங்க வாசலில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டினான். அவனும் இளைத்துப்போயிருந்தான்.

“நீங்க மைக்ல சொல்லாம இருந்திருந்தாலும் இது முடிஞ்சிருக்கும்” என்றான். “அதனால அதை மனசுல வெச்சுக்காதீங்க.”

“அதை நான் வெச்சுக்கலை.”

அவன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். வண்டியில் ஏறிப் போய்விட்டான். பம்புகள் நின்றதால் உள்ளே தண்ணீர் நிரம்பத் தொடங்கியது. ஒரு குமிழி ஹைட்ரஜன்கூட ஏறாத சுரங்கத்தில், ஊரின் தண்ணீர் இருட்டில் தேங்கியது. அதை எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. மருந்து எத்தனை நாளில் நீங்கும் என்று நவ்யா தனக்குத் தெரிந்த எல்லாரிடமும் கேட்டாள். ஒருவர் ஒரு வருடம் என்றார். இன்னொருவர் பாறைக்குள் போனதற்குக் கணக்குக் கிடையாது என்றார்.

கரும்புக்கடைக்குப் போய் ஷாநவாஸைப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். நரம்பு மெதுவாகத் திரும்பும், முழுக்கத் திரும்புமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஷாநவாஸ் நவ்யாவுக்கு டீ போடச் சொன்னார். “உங்க மேல எதுவும் இல்லை மேடம். நான் பார்க்காத மருந்தா?” என்றார். அவள் குடித்து முடிக்கும்வரை அவர் மனைவி கட்டிலோரம் காத்திருந்தாள். டம்ளரை வாங்கிக்கொள்ளும்போது, “இவரு கையால இனி என்ன வேலை செய்வாரு?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு நின்றாள். பதில் வரும்வரை நிற்பவள் போல நின்றாள்.

வேலை போன பிறகும் நவ்யா தினமும் கரட்டடிப்புதூருக்குப் போனாள். யாருக்காவது மாத்திரை, யாருக்காவது மனு எழுதிக்கொடுப்பது, லாரி வராத நாளில் ஃபோன் செய்வது. பாலகோபால் ஒரு காலையில் வாசலில் நின்று மறித்தார். “போகாதேம்மா. போய் என்ன பண்ணப்போறே? அவங்களுக்கும் உன்னைப் பார்த்தா கஷ்டம்தான்.” உண்மைதான் என்று அவளுக்கும் பட்டது. ஆனாலும் போனாள். போகாத நாளில் என்ன செய்வது என்று தெரியவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் வள்ளியாத்தாளிடமிருந்து ஃபோன் வந்தது. மயிலை கன்று போட்டிருந்தது. மருந்துத் தண்ணீரைக் குறைவாகக் குடித்தோ என்னவோ, நடை தள்ளாடினாலும் மயிலை மட்டும் பிழைத்திருந்தது.

“கன்னுக்குப் பால்பவுடர் வேணுமுங்க. வரும்போது வாங்கிட்டு வர முடியுமுங்களா?”

அந்த மைக் பேச்சுக்குப் பிறகு வள்ளியாத்தாள் ‘கண்ணு’ என்று சொல்வதில்லை. கோபமாகவும் பேசியதில்லை. மரியாதையாகப் பேசினாள்.

பவுடர் வாங்கிக்கொண்டு போனாள். தென்னைகளின் அடிமட்டைகள் காய்ந்து தொங்கின. இளநீர் வியாபாரிகள் ஊர் பேரைக் கேட்டாலே வண்டியைத் திருப்பினார்கள். நஞ்சுண்டன் பல்லடத்தில் ஒரு கோழிப்பண்ணையில் காவல் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வீட்டில் வள்ளியாத்தாள் மட்டும்தான்.

கன்று கட்டுத்தரையின் மறுகோடியில் கட்டியிருந்தது. செம்பழுப்பு நிறம், கால்கள் திடமாக இருந்தன. அம்மாவைப் பார்த்து விடாமல் கத்தியது. மயிலை மடி கனத்து, கயிறு நீளும் மட்டும் கன்றின் பக்கம் வந்து நின்று பதிலுக்குக் கத்தியது.

“கறக்காம உட்டா மடி கட்டிக்குமுங்க” என்றாள் வள்ளியாத்தாள். “கன்னைச் சித்த புடிச்சுக்குங்க. இல்லீனா கயித்த அறுத்துட்டு ஓடிரும்.”

நவ்யா கன்றைப் பிடித்துக்கொண்டாள். வள்ளியாத்தாள் பாத்திரத்தோடு மயிலையின் அடியில் உட்கார்ந்தாள். சீம்பால் மஞ்சளாக இறங்கியது. கொஞ்ச நேரம் கறந்தாள். கை காம்பிலிருந்து விலகி வெற்றிடத்தில் இரண்டு முறை இழுத்தது. குனிந்து பார்த்துக் கையை மறுபடி சரியாக வைத்தாள். மறுபடி விலகியது.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்லீங்க. கொஞ்ச நாளாக் காம்பு கைக்குத் தெரியறதில்ல. கண்ணால பார்த்துத்தான் புடிக்கோணும்.”

“எப்ப இருந்து?”

“ஆவணில இருந்து இருக்குமுங்க.” வள்ளியாத்தாள் திரும்பவில்லை. “அந்தக் குழாய் விழுகற எடத்துலதானுங்களே தினமும் நின்னு துணி தொவச்சேன்.”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா? அண்ணனுக்குத் தெரியுமா?”

“சொன்னா அவரு உக்காந்துருவாருங்க. இப்பத்தான் எந்திரிச்சு வேலைக்குப் போறாரு. நீங்களும் சொல்லிப்போடாதீங்க.”

நவ்யாவுக்கு நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று தோன்றியது. போனால் ஷாநவாஸுக்குச் சொன்னதையேதான் இவளுக்கும் சொல்வார்கள் என்றும் தோன்றியது.

வள்ளியாத்தாள் கறந்து முடித்தாள். பாத்திரத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, வேலியோரம் வெட்டியிருந்த குழியை நோக்கி நடந்தாள். பால் வாசனைக்குக் கன்று முழு பலத்தோடு இழுத்தது. நவ்யா கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.